நான்கு அங்குலம் வெளியே

சால்ட்டன்
19 ஜூன் 1986

அருமை மருமகள் ரோவீனாவுக்கு,

சால்ட்டன் கடற்பாலத்தின் முன்னாள் பேண்டு மாஸ்டரும், அறுபத்தெட்டு வயதுக் காளையும், உன் ஒரே தாய்மாமனுமான ஆம்ப்ரோஸ் எழுதுவது. நான், என் முழங்கால், என் பசி, மூவரும் சுகம். அங்கே நீயும் உன் அம்மாவும் அவளுடைய குரலும் எப்படி? குரலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வடக்குக் காற்று அடித்தால் கார்லைலிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது.

கடிதம் தட்டச்சில் இருக்கிறதே என்று மலைக்காதே. என் கையெழுத்தின் அழகை இந்த உலகம் தாங்காது என்று நிறுத்திவிட்டேன்.

நேற்று நம் ஊர்ப் புல்தரை டென்னிஸ் போட்டிக்குப் போனேன். முப்பத்தோராவது வருஷம். தன்னந்தனியாக. வாசல் வரிசையின் வால் பிரான்ஸில் இருந்தது. கடைசி ஆள் பாஸ்போர்ட்டோடு நின்றார். மழை நான்கு தடவை வந்தது. நோவாவின் பேழை இரண்டு தடவை எங்களைக் கடந்து போயிற்று. இரண்டு தடவையும், "வேண்டாங்க, வெறும் தூறல்தான்," என்று சொல்லிவிட்டு, குடைக்குள்ளே வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு ஆறாயிரம் பேரும் உட்கார்ந்திருந்தோம்.

செக் நாட்டு நெட்டைப் பெண்ணுக்கும் நம் டெவன் பெண்ணுக்கும் ஆட்டம். செக் நாட்டுக்காரி சர்வ் போட்டால் கடற்காக்கைகள் முட்டையை விட்டுவிட்டு ஓடின. பால் மாதிரி வெள்ளை வெளேரென்ற பந்து, பச்சைப் புல்லில் மின்னல் மாதிரி வழுக்கிற்று. இரண்டாவது செட்டில், ஐந்துக்கு நான்கு என்ற நிலையில், டெவன் பெண் அடித்த பந்து இடது ஓரக் கோட்டுக்கு நான்கு அங்குலம் வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

இதையெல்லாம் அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டு. ஈஸ்டரின்போது நான் படியில் தடுக்கி விழுந்ததிலிருந்து, "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு உன்னை இங்கே கொண்டுவந்துடுவேன்," என்று மிரட்டிக்கொண்டிருக்கிறாள். ஆறு மணி நேரம் மழையில் உட்கார்ந்து டென்னிஸ் பார்க்கிறவனுக்கு உங்கள் மாடியறை எதற்கு?

என்றும் கம்பீரமான மாமா,
ஆம்ப்ரோஸ்

*

கார்லைல்
26 ஜூன் 1986

அன்புள்ள மாமா,

உங்கள் முழங்கால் சுகம் என்பதில் சந்தோஷம். எனக்கு லேசாகச் சளி. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. குரல் உட்பட.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "தன்னந்தனியான்னா எழுதியிருக்கான்?"

மாமா, அந்த ஆட்டத்தை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். கேமரா உங்கள் பக்கம் ஐந்து தடவை வந்தது. ஐந்து தடவையும் சாம்பல் தொப்பி போட்ட ஒல்லி ஆள் ஒருவர் உங்கள் காதோடு வாயை வைத்து எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். யார் அவர்?

இன்னொன்று. நீங்கள் பிறந்ததிலிருந்து யானைக்குக் குறைந்த எந்த அளவையும் சொன்னதில்லை. நீங்கள் எழுதுவதாயிருந்தால் அந்தப் பந்து பெல்ஜியத்தில் போய் விழுந்திருக்கும். 'நான்கு அங்குலம்' என்று எழுதியது யார்?

எங்கள் தெருக் கோடியில் இருந்த கிழவரின் காதில் ஒருவன் இப்படித்தான் ஓதிக்கொண்டே இருந்தான். இப்போது அந்த வீடு அவன் பெயரில் இருக்கிறது. அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இவனும் அந்த மாதிரித் திருடன்தான் என்கிறார்கள்.

உடனே பதில் போடுங்கள்.

ரோவீனா

*

சால்ட்டன்
3 ஜூலை 1986

சந்தேகத்தின் மகாராணிக்கு,

உன் சளி தீர இந்த ஊர்க் கடற்காற்றை ஒரு புட்டியில் அடைத்து அனுப்பலாமென்று பார்த்தேன். தபால்காரர் மறுத்துவிட்டார்.

அந்தச் சாம்பல் தொப்பியா? யாரோ எவரோ! பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பிறவி. மனைவி, மக்கள், நாய், எதிர்வீட்டு நாய் என்று எல்லோருடைய சரித்திரத்தையும் என் காதில் கொட்டினார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். நம் கடற்படை இரகசியங்களைக் கறக்க வந்த உளவாளியாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒரு இரகசியமும் கேட்கவில்லை.

என் வீட்டுப் பத்திரம் பத்திரமாக, என் மெத்தைக்கு அடியில், என் எடைக்கு அடியில் இருக்கிறது. என் எடையைத் தூக்கக்கூடிய திருடன் இன்னும் பிறக்கவில்லை என்று அக்காவிடம் சொல்.

மாமா

*

கார்லைல்
9 ஜூலை 1986

அன்புள்ள மாமா,

சளி போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

பக்கத்து வீட்டு வீடியோவில் அந்த ஆட்டம் பதிவாகியிருக்கிறது. அம்மாவும் நானும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். முதல் மழை நின்றதும் அந்த யாரோ எவரோ பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுகிறார். பால் விடுகிறார். சர்க்கரை இரண்டு ஸ்பூன் போடுகிறார். பால் வேண்டுமா, சர்க்கரை எத்தனை என்று உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நாட்டில் முன்பின் தெரியாதவனுக்கு இதையெல்லாம் கேட்காமல் தேநீர் ஊற்றும் மனிதன் உண்டா மாமா? கட்டிய மனைவியே கேட்பாள்.

பிறகு கோப்பையை உங்கள் கையில் வைத்து, உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிடுகிறார். ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்ததும் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் படியிறங்குகிறீர்கள். பேண்டு மாஸ்டர் ஆம்ப்ரோஸ் யார் கையையும் பிடித்து இறங்கி நான் பார்த்ததில்லை.

அம்மா சொன்னது: "மயக்கி வெச்சிருக்கான்டி உங்க மாமாவை. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

அவர் பெயராவது சொல்லுங்கள்.

ரோவீனா

*

சால்ட்டன்
31 ஜூலை 1986

மருமகளே,

மூன்று வாரம் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கௌரவத்துக்குக் காய்ச்சல்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர் பெயர் நோக்ஸ். ஜனவரியிலிருந்து என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறார். முன்பு கோட்டு நடுவராக இருந்தவர். கோட்டின் முனையில் நாற்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்து, பந்து வெளியே விழுந்தால் 'அவுட்' என்று கத்துவார்களே, அந்த உத்தியோகம். முப்பது கோடையில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இப்போது என் காதில் செலவழிக்கிறார். இதில் என்ன மர்மம்?

அன்றைக்குப் பின்வரிசையில் ஒரு அம்மாள் இருந்தாள். ஊதா ரிப்பன் கட்டிய தொப்பியாம், அதன் அகலத்தில் ஒரு குதிரைப்படை நிழலுக்கு ஒதுங்கலாம். முதல் செட் முடிவதற்குள் என் தோளில் தட்டினாள்.

"கொஞ்சம் மன்னிக்கணும். அந்த ரேடியோவை நிறுத்தறீங்களா?"

"ரேடியோ இல்லீங்க. நான்தான்," என்றார் நோக்ஸ்.

"அப்போ உங்களை நிறுத்திக்குங்க."

"இந்த பாயிண்ட் முடிஞ்சிடட்டும்ங்க."

"பெரியவங்க பேசிட்டுப் போறாங்க, விடு எலினோர்," என்றான் அவள் புருஷன்.

"எப்படி விடறது? அந்தம்மா சர்வ் போடறது இவருக்குத் தெரியாதாமா, இவர்தான் சொல்லணுமா?"

நோக்ஸ் திரும்பி அவளிடம் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. போகும்போது தன் ஸ்ட்ராபெர்ரியில் பாதியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். என் மீசையின் வசீகரம் அப்படி.

ஆகவே அக்கா வரத் தேவையில்லை. வந்தாலும் வீட்டில் இல்லை. நான் இங்கிலாந்து ராணியோடு வேட்டைக்குப் போயிருப்பேன்.

மாமா

*

கார்லைல்
5 ஆகஸ்ட் 1986

மதிப்பிற்குரிய திரு. நோக்ஸ் அவர்களுக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். முன்பின் அறியாதவரை நலம் விசாரிப்பது வழக்கம் என்பதால் விசாரிக்கிறேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். என் மாமாவிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? எனக்கு வரும் கடிதங்களை எழுதுவது அவரா, நீங்களா? எலினோர் என்ற அம்மாளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அரை வார்த்தையில் வாய் மூடி, ஸ்ட்ராபெர்ரியைத் தானம் செய்யும்படி என்ன மிரட்டினீர்கள்?

கடைசியாக ஒன்று. முதல் கடிதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் கவனித்தேன். பந்து பால் மாதிரி வெள்ளை என்று அதில் இருக்கிறது. இந்த வருஷம்தான் முதல் தடவையாக உங்கள் போட்டியில் மஞ்சள் பந்து. தொலைக்காட்சியில் அன்று முழுவதும் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் அம்மாவுக்கே அது தெரியும். முப்பத்தொரு வருஷம் அங்கே உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ஆறு மணி நேரம் என் மாமா எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

அந்த வீட்டைவிட்டு அவர் போக வேண்டிவருமா இல்லையா என்பது உங்கள் பதிலில் இருக்கிறது.

ரோவீனா பிரெண்ட்வுட்

*

சால்ட்டன்
8 ஆகஸ்ட் 1986

மிஸ் பிரெண்ட்வுட் அவர்களுக்கு,

நான் நலம். வழக்கத்துக்கு நன்றி.

முதல் கேள்வி: ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது: அவர் சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். 'வாயை மூடத் தெரியாத பிறவி' என்பதையும் நானே தட்டச்சு செய்தேன். நான்கு அங்குலம் மட்டும் என்னுடையது. அவர் நாற்பது கெஜம் என்றார். கை கேட்கவில்லை. உங்கள் கடிதங்களையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். திருடன், மயக்குகிறவன் ஆகிய இடங்களையும் விடாமல் வாசித்தேன்.

மூன்றாவது: மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

நான்காவது: பந்து எங்கே விழுந்தது என்று அவருக்குச் சொன்னேன். என்ன நிறம் என்று சொல்லவில்லை. நிறத்தை எந்தக் கோட்டு நடுவரும் கூவுவதில்லை. தவறு என்னுடையது.

இதற்கு மேல் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு நடுவருக்கு ஒரு கோடுதான்.

சி. நோக்ஸ்

*

கார்லைல்
14 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மாமா,

இதை நோக்ஸ் அவர்கள்தான் உங்களுக்கு வாசிக்கிறார் என்று இப்போது தெரியும். ஆகவே முதலில் அவருக்கு: ஐயா, திருடன் என்று எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். இந்த வரியையும் விடாமல் வாசியுங்கள்.

மாமா, உங்களுக்குக் கண் எத்தனை நாளாய்த் தெரியவில்லை?

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா முப்பதாம் தேதி சனிக்கிழமை மூன்று மணி ரயிலில் வருகிறார்கள். இரண்டு காலிப் பெட்டிகளோடு. அம்மாவின் சந்தேகம் இன்னும் நோக்ஸ் மேல்தான். "அவன் மொகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்டி எனக்கு," என்று ரொட்டிக்கு மாவு பிசைவது மாதிரி கையைப் பிசைந்துகொண்டு சொல்கிறார்கள். உண்மை தெரிந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட அரைமணி நேரம் ஆகாது.

என்னைக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். இப்போது வரைக்கும் என்னைக் கேட்கவில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

ரோவீனா

*

சால்ட்டன்
20 ஆகஸ்ட் 1986

ரோவீனா,

போன வருஷம் பேண்டு வாத்தியங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஜனவரியில் எல்லாம் போயிற்று. டாக்டர் பெரிய பெயர் ஒன்று சொன்னார். மருந்து ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எதற்காக டென்னிஸுக்குப் போகிறேன் என்று கேட்பாய். பந்து மட்டையில் படுகிற சத்தம் கேட்கும். அப்புறம் புல்லில் 'தொப்' என்று விழுகிற சத்தம். மற்றத் தரையில் 'டக்' என்று கேட்கும், புல்லில் மட்டும்தான் இப்படி. நடுவில் என்ன நடந்தது என்று நோக்ஸ் சொல்வார். ஆறாயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சை இழுப்பது கேட்கும். அது போதும் எனக்கு.

இந்த வீட்டில் வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் பதினாறு காலடி. உங்கள் மாடியறையில் எத்தனை காலடி என்று எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வயதும் போய்விட்டது.

அக்காவை நான் சமாளிக்கிறேன். நீ சும்மா இரு.

மாமா

*

சால்ட்டன்
3 செப்டம்பர் 1986

வடதிசைப் பேரரசியின் புதல்வி ரோவீனாவுக்கு,

நான் இருக்கிறேன். வீடும் இருக்கிறது. அதிலிருந்தே மீதியை நீ ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் என்னைச் சொல்லவிடாமல் ஊகித்துவிட்டால் கோபித்துக்கொள்வேன்.

ஒரு வாரம் ஒத்திகை. அக்கா எந்த நாற்காலியில் உட்காருவாள், எந்தப் பக்கம் பார்த்து நான் சிரிக்க வேண்டும், தேநீர்க் கூஜா எங்கே. "ஓய் நோக்ஸ், அக்கா கேட்டா எனக்குக் கண்ணு கழுகு மாதிரின்னு சொல்லும்," என்றேன். "நான் பேசாம இருந்துடறேன் சார்," என்றார். "ஆனா நேரா கேட்டாங்கன்னா..." "கேக்க மாட்டா ஓய்!"

சனிக்கிழமை பிரமாதமாகப் போயிற்று. வாசலில் இறங்கியதுமே, "அடடா, பச்சைத் தொப்பி! இருபது வயசு கொறைஞ்சு போச்சு அக்கா," என்றேன். பின்னாலிருந்து நோக்ஸ் சொல்லிக்கொடுத்தது. அக்கா உள்ளே வந்ததும் ஸ்பூன்களை எண்ணினாள். அலமாரியில் எல்லாம் சீட்டு ஒட்டியதுபோல அடுக்கியிருப்பதைத் திறந்து திறந்து பார்த்தாள். நோக்ஸின் பின்னறையையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. மாட்டிறைச்சியை நானே வெட்டினேன். நெப்போலியன் ஐரோப்பாவை வெட்டியதைவிட அழகாக வெட்டினேன். கடலைப் பற்றி, மழையைப் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி அக்காவின் நாற்காலியைப் பார்த்து அரைமணி நேரம் முழங்கினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், ஜன்னல் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"மிஸ்டர் நோக்ஸ். என் தம்பிக்குக் கண்ணு தெரியுதா?"

உலகத்துக் கடிகாரங்களெல்லாம் நின்றன. முள்கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியலீங்க," என்றார் நோக்ஸ்.

"எப்பத்திலேர்ந்து?"

"ஜனவரி."

"அது தெரிஞ்சா நான் இந்த வீட்டைப் பூட்டிட்டு இவனைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? உங்க பின்னறையும் போயிடும்."

"தெரியும்ங்க."

"போக வேற எடம் இருக்கா உங்களுக்கு?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"கேட்டீங்களே."

நான் எழுந்து நின்று துரோகி, யூதாஸ், கோட்டு நடுவர் என்று எனக்குத் தெரிந்த வசைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அக்கா, "டேய், உக்காருடா," என்றாள். உட்கார்ந்தேன். அறுபது வருஷமாக அந்த வார்த்தைக்கு உட்கார்ந்து பழக்கம்.

பிறகு அக்கா என் தட்டில் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டே சொன்னாள். "கண்ணு போனதைக்கூட மன்னிச்சிடுவேன்டா. எட்டு மாசம் எங்கிட்ட மறைச்சே பாரு! எனக்கு வேண்டியவன் பொய் சொல்றான், எனக்கு வேண்டாதவன் நெசத்தைச் சொல்றான். தலைக்கு மேல கூரை போயிடும்னு தெரிஞ்சும் சொல்றான். நான் வேண்டாதவனையே நம்பி உன்னை இங்கே விட்டுட்டுப் போறேன். பெட்டி காலியாவே திரும்பட்டும்."

ஒரு நிபந்தனை. இனிமேல் என் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், நான் சொன்னதில் எது எவ்வளவு நிஜம் என்று நோக்ஸ் தன் கைப்பட எழுத வேண்டுமாம். எனக்கு அதை வாசித்துக்காட்டக் கூடாதாம். இந்தச் சர்வாதிகாரத்துக்கு நான் தலைவணங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ரயிலேற்றிவிட்டோம். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். உன் அம்மா தேம்பித் தேம்பி அழுததில் நடைமேடை முழங்கால் அளவு மூழ்கி, இரண்டு போர்ட்டர்கள் நீந்தித்தான் கரையேறினார்கள். நான் மலைபோல அசையாமல் நின்றேன். ஒரு சொட்டு? ம்ஹூம்.

வெற்றிவாகை சூடிய மாமா,
ஆம்ப்ரோஸ்

மிஸ் பிரெண்ட்வுட் அவர்களுக்கு, நிபந்தனைப்படி:

மாட்டிறைச்சியை நான் வெட்டினேன். ரயில் மூன்று நிமிடம் தாமதம். உங்கள் அம்மா அழவில்லை. இவர் அழுதார்.

வண்டி நகர்ந்ததும் இவர் தொப்பியைக் கழற்றி ஆட்டத் தொடங்கினார், முதலில் தவறான பக்கம் பார்த்து. தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். உங்கள் அம்மா ஜன்னலில் இருந்தார்கள், கையாட்டினார்கள். வண்டி வளைவு திரும்பிப் போய்விட்டது. நடைமேடையில் எங்களைத் தவிர யாருமில்லை. இவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை. "அக்கா இன்னும் கையாட்டறாளா ஓய்?" என்று கேட்டார்.

"ஆட்டறாங்க சார்," என்றேன்.

முப்பது வருஷத்தில் இது ஒன்றுதான். தெரிந்தே சொன்னேன்.

சி. நோக்ஸ்